எட்டுப் பெயர், ஒன்பது வரி

வென்டல் ஹார்யுவின் நாக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் கூடிவிட்டால் அரிக்க ஆரம்பித்துவிடும். அந்த வெள்ளிக்கிழமை காலை பைன் ஹாலோ குடியேறிகள் பண்ணையில் நாலு பேர் இல்லை, நாற்பது பேர் கூடியிருந்தார்கள்.

மில் க்ரீக் தேவாலயத்திலிருந்து பேருந்தில் வந்த வயதானவர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நார்வேயிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் விஸ்கான்சினுக்கு வந்து இறங்கிய குடும்பங்கள் எப்படி உழுதன, எப்படி வெண்ணெய் கடைந்தன என்று பார்க்க வந்தவர்கள். அந்தக் குடும்பங்களின் மரவீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருந்தார்கள். வேலைக்கு இருப்பவர்கள் அந்தக் காலத்து உடையிலேயே வலம் வந்தார்கள்.

வயலோரம் வேலியருகே நின்ற லைல் டெஸ்கேயும் அப்படித்தான். வைக்கோல் தொப்பி, தோளில் கால்சட்டை வார். ஐம்பது வயது. உடைதான் வேஷம், ஏரும் குதிரைகளும் உண்மை, அவன் உழுத உழவும் உண்மை.

"நேத்து காலைல பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் எங்க இருந்தீங்க லைல்?" என்று கேட்டாள் ராக்னா ஸ்கார். "குதிரை ரெண்டும் வயல்ல தனியா நின்னுதாமே."

ராக்னாவுக்கு ஐம்பத்தாறு வயது. ஷெரிஃப் அலுவலகத்தில் இருபது வருஷம் துப்பறிந்துவிட்டு, இப்போது சொந்தமாக, ஒரு பாலாடைக்கட்டிக் கடை மாடியில் அலுவலகம் போட்டிருப்பவள். வென்டல் மூன்று வருஷமாக அவளுடைய உதவியாளன்.

"பக்கத்துலதான் இருந்தேன்" என்றான் லைல்.

"பக்கத்துலன்னா?"

லைல் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

காணாமல் போனது ஒரு பழைய துதிப்பாடல் புத்தகம். 1869-இல் நெஸ்ஸெட் என்ற குடும்பம் நார்வேயிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அதன் உள்ளட்டையில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்கள் மையில் எழுதப்பட்டிருந்தன. வருஷா வருஷம் அக்டோபரில் நெஸ்ஸெட் வம்சம் முழுவதும் இந்தப் பண்ணையில் கூடும். மூத்தவர் ஆர்வில் நெஸ்ஸெட் அந்தப் பெயர்களைப் படிப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை நூற்று முப்பது பேர் வரப்போகிறார்கள். புத்தகமோ வியாழக்கிழமை காலை நெஸ்ஸெட் வீட்டு அலமாரியிலிருந்து போய்விட்டது. தேடித் தரச் சொல்லிப் பண்ணைக்காரர்கள் ராக்னாவை அழைத்திருந்தார்கள்.

பேருந்துக்காரர்களுக்கு இது எதிர்பாராத வேடிக்கை. கழுத்தை நீட்டிக்கொண்டு நெருங்கி வந்தார்கள். லைலும் வென்டலும் ஒரே ஊர். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்பு லைல் எதற்காகப் பதினெட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான் என்பது வென்டலுக்குத் தெரியும். நாக்கு அரித்தது.

"அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க பாஸ்" என்றான் வென்டல், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். "பழைய பொருளுக்கெல்லாம் லைல் மேல தனிப் பாசம். போன தடவை ஒரு டிராக்டரே அவர் பின்னாடி நடந்து வீட்டுக்கு வந்துடுச்சு. இது சின்னப் புத்தகம்தானே."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, குலுங்கிக் குலுங்கி. வென்டலுக்கு நெஞ்சு நிறைந்தது.

லைல் தொப்பியைக் கழற்றினான். அதை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தான். வாரைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், வாகனங்கள் நிற்கும் பக்கமாக நடந்தான். அவன் முதுகு தெரியத் தெரியச் சிரிப்பு ஒவ்வொரு வாயாக அணைந்தது. முன்வரிசையில் நின்ற ஆர்வில் நெஸ்ஸெட் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. எண்பத்தொரு வயது, ஆறடிக்கு மேல் உயரம். குளிருக்காகவோ என்னவோ கோட்டின் மார்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். அவரும் திரும்பி நடந்துவிட்டார்.

ராக்னா வென்டலைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"குதிரைகள அவுத்து நிழல்ல கட்டு" என்றாள். "அதுங்களாவது உன் பேச்சக் கேக்காம இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் அவனிடம் பேசவில்லை. பண்ணையை ஒரு சுற்று சுற்றினாள், அவன் இரண்டடி பின்னால் நடந்தான். மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன. ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். வேலிக்கம்பத்தின் மேல் அந்தத் தொப்பி எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது.

பின்லாந்துக்காரர் வீட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில் இருந்த சவுனா குடிசையைக் கண்டதும்தான் அவன் நின்றான். நீராவிக் குளியலுக்கான அந்தச் சின்னக் குடிசையின் புகைபோக்கியிலிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது.

"பாஸ், இது சரியில்ல."

"எது?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சவுனான்னா சனிக்கிழமைதான். எங்க பின்லாந்து ஆளுங்க வெள்ளிக்கிழமை செத்தாலும் சனிக்கிழமைதான் குளிப்பாங்க."

ராக்னா சிரிக்கவில்லை. ஆனால் நின்றாள். "மேல சொல்லு."

"அதுவும் இது குளிக்கப் போட்ட நெருப்பு இல்ல. கல்லு காயணும்னா அடுப்பு நிறைய விறகு அடைக்கணும், புகை குபுகுபுன்னு வரும். இது ரெண்டு குச்சி. யாரோ உள்ள உக்காந்து குளிர் காய்ஞ்சிருக்காங்க."

"நட."

உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் தணல் மினுங்கியது. பெஞ்சின் மேல் இரண்டு எனாமல் கோப்பைகள். ஒன்று காலி, அடியில் காப்பிக் கறை ஈரமாக இருந்தது. இன்னொன்று விளிம்பு வரை நிறைந்திருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது.

ராக்னா நிறைந்த கோப்பையில் விரல் வைத்துப் பார்த்தாள். "சில்லுன்னு இருக்கு. ரெண்டு பேருக்கு ஊத்திட்டு ஒருத்தர் காத்திருந்திருக்கார். வர வேண்டியவர் வரல."

"யாரு வரல?"

"எப்பவும் வர்ற ஒருத்தர். இன்னைக்குப் பதினொன்றரைக்குத் தொப்பிய வேலியில வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்ட ஒருத்தர்."

வென்டல் கதவு வழியாக வயல் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்போ நேத்து பத்து மணிக்கு லைல் இங்க..."

"இங்க உக்காந்து காப்பி குடிச்சிருக்கார். அத சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லல?"

அவள் கைவிளக்கை அடித்தாள். பல காலம் புகை குடித்து அந்தக் குடிசையின் சுவர் கரும்பலகை மாதிரி கறுத்துக் கிடந்தது. அதில் சாக்கட்டியால் எழுதியிருந்தது. மேலே ஒரு வரி, ஆறு ஆங்கில எழுத்து, உறுதியான கை. அதற்குக் கீழே அதே ஆறு எழுத்து நாலு தடவை, கோணல்மாணலாக. ஒன்றில் ஒரு எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருந்தது. கடைசித் தடவை கொஞ்சம் நேராக வந்திருந்தது.

"கூரினா" என்று படித்தான் வென்டல். "பொம்பளப் பேரு. ஏதாவது பள்ளிக்கூடப் பிள்ளைங்க கிறுக்கியிருக்கும்."

"நீ அதுக்குப் பக்கத்துல நில்லு."

நின்றான். எழுத்துகள் அவன் தலைக்கு மேல் இருந்தன.

"எத்தனாவது வகுப்புப் பிள்ளை இவ்வளவு உசரம்?" என்றாள் ராக்னா. "மேல இருக்கிறது வாத்தியார் எழுத்து. கீழ இருக்கிறது மாணவர் எழுத்து. மாணவர் உன்னவிட ஒரு ஜாண் உசரம். எழுதப் படிக்கக் கத்துக்கிறார். யாருக்கும் தெரியாம, புகைக் குடிசைக்குள்ள ஒளிஞ்சு."

வென்டல் பெஞ்சில் உட்காரப் போனவன் அந்தக் கோப்பைகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

நெஸ்ஸெட் வீட்டில் வெர்னா கோல்ப் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். பார்வையாளர்களுக்கு அந்த வீட்டின் இல்லத்தரசி அவள்தான். உருளைக்கிழங்கு மாவை மெல்லிசாகத் தேய்த்து லெஃப்சே ரொட்டி சுடுவாள், கூடவே குடும்பத்தின் கதையைச் சொல்வாள்.

"கூரினான்னு இந்தக் குடும்பத்துல யாராவது உண்டா வெர்னா?"

"இல்லயே. எனக்கு எட்டுப் பேரும் தலைகீழாத் தெரியும். ஒரு ரொட்டிக்கு எட்டு உருட்டு, உருட்டுக்கு ஒரு பேர்." கட்டையை நகர்த்திக்கொண்டே சொன்னாள். "ஓலே, மார்த்தா, நில்ஸ், பெர்னா, ஹான்ஸ், ஆன்னா, தோமாஸ், லீனா. ஆர்வில் படிக்கிறதக் கேட்டுக் கேட்டு வந்தது. அம்பது வருஷமாப் படிக்கிறார்ல."

கதவருகே பண்ணையின் விளம்பரத் தாள்கள் அடுக்கியிருந்தன. ராக்னா ஒன்றை எடுத்தாள். துதிப்பாடல் புத்தகத்தின் உள்ளட்டை அதில் படமாக இருந்தது. பழைய நார்வே கையெழுத்து, கொடி பின்னினாற்போல். இந்த வட்டாரத்தில் அதைப் படிக்கிறவர்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"வரிய எண்ணு" என்று வென்டலிடம் நீட்டினாள்.

எண்ணினான். மறுபடி எண்ணினான். "ஒன்பது."

"பேரு?"

"எட்டு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியின் மேல் விரலை வைத்தாள். எழுத்துக்கூட்ட நேரம் பிடித்தது. "கூரினா. 1866. மூணு வருஷம் கழிச்சுத்தான் கப்பல் ஏறியிருக்காங்க." கண்ணாடியைக் கழற்றினாள். "படிக்கத் தெரிஞ்சவன் மொதல் வரிய விட்டுட்டு ரெண்டாவதுலேருந்து ஆரம்பிப்பானா? அதுவும் அம்பது வருஷம்?"

வெர்னாவின் கட்டை நின்றது.

"வெர்னா, நேத்து பத்து மணிக்கு நீங்க கோழிக்குத் தீனி போடப் போறதுக்கு முன்னாடி இங்க யாரு வந்தாங்க?"

"யாருமே வரலன்னு நேத்தே சொன்னேனே."

"ஆர்வில்?"

"அவரு வந்தாரு. அவர் வர்றதெல்லாம் ஒரு வர்றதா? அவர் வீடு இது." சொல்லிவிட்டு, மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் வென்டலுக்கு ஒரு யோசனை உதித்தது. "பாஸ், சுலபமா முடிச்சிடலாம். ஒரு தாளை அவர் கையில குடுத்து, கண்ணாடி மறந்துட்டேன், கொஞ்சம் படிங்கன்னு கேக்கலாம். மாட்டிக்குவார்."

ராக்னா நடையை நிறுத்தினாள்.

"இன்னைக்குக் காலைல ஒருத்தரக் கூட்டத்துல துணி உருவி நிக்க வச்சாச்சு. மத்தியானத்துக்கு இன்னொருத்தரா?" குரல் உயரவில்லை. "உன்ன மட்டும் சொல்லல. அத்தனை பேர் முன்னாடி அந்தக் கேள்வியக் கேட்டது நான். தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். எனக்கே கூசுது."

வென்டல் தரையைப் பார்த்தான். பூட்ஸில் ஒட்டியிருந்த மேப்பிள் இலையைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

ஆர்வில் நெஸ்ஸெட் தன்னுடைய பழைய வண்டியில், எஞ்சினைப் போடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ராக்னா மறுபக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வென்டல் திறந்த கண்ணாடியோரம் வெளியே நின்றான்.

"கூரினா யாரு ஆர்வில்?"

கிழவர் கோட்டுக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தார். கறுப்புத் தோலட்டை, பித்தளைக் கொக்கி.

"மூத்த பொண்ணு" என்றார். "எங்க வம்சத்துக்கே மூத்தது. மூணு வயசுல அங்கேயே ஒரு பண்ணையில விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டாங்க. கண்ணு சரியாத் தெரியாதாம். கப்பல்ல ஏத்த மாட்டாங்க, இறங்குற இடத்துலயும் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பயம். அப்புறம் கூப்பிட்டுக்கலாம்னு நெனச்சாங்களோ என்னவோ. கூப்பிடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நார்வேலேருந்து கடுதாசி வந்துச்சு. துரிட்னு ஒரு பொண்ணு. கூரினாவோட கொள்ளுப்பேத்தி. ஞாயித்துக்கிழமை வர்றா. நீங்க படிக்கும்போது மொதல் வரியில எங்க கொள்ளுப்பாட்டி பேரு வரும், அதக் கேக்கத்தான் வர்றேன்னு எழுதியிருக்கா." அவர் பித்தளைக் கொக்கியைத் தடவினார். "அந்தக் கடுதாசிய எனக்கு லைல்தான் படிச்சுச் சொன்னான்."

ராக்னா அவர் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பா சொல்லிக் குடுத்தது எட்டுப் பேரு. அப்பாவுக்கு அவங்கப்பா. நடுவுல யாரு அந்தப் பொண்ண விட்டாங்கன்னு தெரியாது. நான் புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, தாள்ல விரல ஓட்டிக்கிட்டு, மனப்பாடம் சொன்னேன். எந்த வரி யாருதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் எறும்பு ஊருற மாதிரிதான் இருக்கும்." மூச்சு வாங்கினார். "வீட்டுல எல்லாத்தையும் லோயிஸ் படிச்சிடுவா. எம் பொண்டாட்டி. பிள்ளைங்களுக்கே தெரியாம அம்பது வருஷம் பாத்துக்கிட்டா. அவ போய் நாலு வருஷமாச்சு. மருந்து பாட்டில மாத்திக் குடிச்சிட்டு ஒரு நாள் வயல்ல விழுந்து கெடந்தேன். லைல் தூக்கினான். பாட்டிலப் பாத்தான், என்னயப் பாத்தான். ஒண்ணும் கேக்கல. அப்புறம் அவனாவே, நானும் ஜெயில்லதான் ஒழுங்காப் படிக்கக் கத்துக்கிட்டேன், நாப்பது வயசுக்காரன் கூட உக்காந்து, ஒண்ணும் தப்பில்லன்னான்."

"அப்போ புத்தகம்?"

"அந்த ஒரு வரியையாவது நெசமாப் படிக்கணும்னு எடுத்துட்டுப் போனேன். அத பெருசா எழுதிக் காட்டுடான்னேன். லைல் சத்தம் போட்டான், மொதல்ல கொண்டுபோய் வைங்கன்னான். திரும்பி வர்றதுக்குள்ள வெர்னா ஊரக் கூட்டிட்டா." அவர் முதல் தடவையாக வென்டலின் பக்கம் திரும்பினார். கண்ணோரம் சிவந்திருந்தது. "நீ இன்னைக்குப் பேசினப்ப நான் மொத வரிசையில நின்னேன். புத்தகம் இங்க இருந்துச்சு." மார்பைத் தொட்டுக் காட்டினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல. அவன் தொப்பியக் கழட்டி வச்சதப் பாத்துக்கிட்டு நின்னேன். உனக்காவது தெரியாமப் பேசினேன்னு சொல்ல வழி இருக்கு."

வென்டல் அந்தக் கிழவருக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்பதற்கு இடம் போதாமல், வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் ராக்னா. "பண்ணைக்காரங்ககிட்ட கெடச்சிடுச்சுன்னு மட்டும் சொல்றேன். மீதிய யாரு சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க."

மறுநாள் காலை வென்டல் தனியாக லைலின் வீட்டுக்குப் போனான். ஊர்க்கோடியில் சக்கரம் கழற்றிய ஒரு டிரெய்லர் வீடு. லைல் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்க லைல்."

"எதுக்கு?"

"நீங்க எடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சு."

லைல் கோடரியை இறக்கினான். "எடுத்திருந்தேன்னா?"

வென்டல் விறகுச் சில்லொன்றைக் குனிந்து எடுத்தான். மறுபடி கீழே போட்டான்.

"எடுத்திருந்தேன்னா நீ பேசினது சரியாப் போயிருக்கும், அப்படித்தானே? டிராக்டர எடுத்தேன். இல்லங்கல. உள்ள போனேன், வெளிய வந்தேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அது முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"ஆர்வில் விஷயத்தச் சொல்லியிருந்தா நாங்க..."

"அது அவர் மானம். அத அவர்தான் எடுத்து வெளிய வைக்கணும். நான் யாரு?" இன்னொரு கட்டையை நிறுத்தினான். "நீ இங்க வந்து நின்னு என்ன பிரயோஜனம்? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அந்த பஸ்ஸுல சிரிச்சிட்டுப் போனாங்களே, அவங்களுக்குத் தெரியாது. போய் அவங்ககிட்ட சொல்லு."

மில் க்ரீக் தேவாலயத்தில் சனிக்கிழமை மதியம் அடித்தளக் கூடத்தில் சூப்பு விருந்து. வென்டல் போனபோது அதே முகங்கள் நீள மேஜைகளில் உட்கார்ந்து பட்டாணிச் சூப்பு குடித்துக்கொண்டிருந்தன. சிலர் அவனை அடையாளம் கண்டு சிரித்தார்கள். ஒருவர், "வாப்பா, டிராக்டர்காரா" என்று கையைத் தூக்கினார். இன்னொரு வேடிக்கை வரப்போகிறது என்று கரண்டிகள் நின்றன.

அவன் கூடத்தின் நடுவில் நின்று சொன்னான். அந்த மனுஷர் எதையும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் ஒருவருக்கு நல்லது செய்துகொண்டிருந்தார். நான் பேசியது தப்பு. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காதெல்லாம் எரிந்தது.

கடைசி மேஜையிலிருந்து ஒரு மூதாட்டி காதில் கையை வைத்துக்கொண்டு, "தம்பி, எனக்குக் காது மந்தம்" என்றாள். "நேத்து எல்லாரும் சிரிச்சாங்க, நானும் கூடச் சேந்து சிரிச்சேன். நீ என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கவே இல்ல. என்ன சொன்ன?"

வென்டல் சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனைக் காப்பாற்ற வரவில்லை. மறுபடி சொன்னான், முழுசாக, உரக்க, அவளுக்குக் கேட்கிற மாதிரி. ஒருவரும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கியவர் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மூதாட்டி யோசித்தாள். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"நான் வேற சிரிச்சுத் தொலச்சேனே" என்றாள் அவள், தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. நெஸ்ஸெட் வீட்டு முற்றத்தில் நூற்று முப்பது நாற்காலி. நீள மேஜையில் லெஃப்சேயும் இறைச்சி உருண்டையும் காப்பிக் குடங்களும். முதல் வரிசையில் துரிட், நாற்பது வயதிருக்கும், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், களஞ்சியச் சுவரோரம், லைல் நின்றான். ராக்னா காலையிலேயே போய்ப் பேசி அழைத்து வந்திருந்தாள். தொப்பியில்லாமல், சாதாரண உடையில் வந்திருந்தான்.

ஆர்வில் மேடையேறி ஒலிவாங்கியின் முன் வந்தார்.

"புத்தகம் தொலையல" என்றார். "நான்தான் எடுத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது."

யாரோ, வேடிக்கை என்று நினைத்து, லேசாகச் சிரித்து நிறுத்தினார்கள்.

"அம்பது வருஷமா உங்கள ஏமாத்தியிருக்கேன். லைல் டெஸ்கே எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தான். வெள்ளிக்கிழமை அவனத் திருடன்னு சிரிச்சப்ப இந்தப் புத்தகத்த வச்சுக்கிட்டு நான் பேசாம நின்னேன். ரெண்டாவதுதான் பெரிய தப்பு." மகன் எழுந்து அவரிடம் வரப்போனான், கையைக் காட்டி உட்காரவைத்தார். "இப்போ படிக்கப் போறேன். நேரம் ஆகும். காப்பி ஆறிப்போகும்."

கொக்கியைத் திறந்தார். விரலை முதல் வரியில் வைத்தார்.

"கூ" என்றார். நீண்ட இடைவெளி. "ரி." உதடு அசைந்துகொண்டே இருந்தது. "கூரினா."

துரிட் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு நெஸ்ஸெட் பெண் அவள் முதுகில் கை வைத்தாள்.

அடுத்த பெயருக்கு அவர் நாக்கு பழைய வேகத்தில் ஓடப் பார்த்தது. நிறுத்தினார். ஓலேயை எழுத்துக்கூட்டினார். மார்த்தாவை எழுத்துக்கூட்டினார். நில்ஸில் சிக்கிக்கொண்டார். அந்தப் பெயர் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை, அந்தக் கொடியெழுத்தில் அதைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, நூற்று முப்பது தலைகளுக்கு மேலாகக் களஞ்சியச் சுவரைப் பார்த்தார். லைல் மெல்லத் தலையசைத்தான், மாட்டேன், நீங்களே பாருங்கள் என்பதுபோல். கிழவர் மறுபடி குனிந்தார்.

வென்டல் அந்தச் சுவரோரமாக வந்து, லைலுக்கு நாலடி தள்ளி நின்றான். அந்த இடம் தனக்கு உரியதா என்று தெரியவில்லை.

"இங்க நிக்கலாமா லைல்?"

லைல் அவன் பக்கம் திரும்பவில்லை. மேடையில் அந்த விரல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நில்லு" என்றான். "பேசாம நில்லு."

வென்டல் நின்றான். ஆர்வில் நான்காவது வரியை மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.